ஊதிப் பார்த்த நோன்பு

கடைக்குப் பின்னாலிருந்த சாமான் அறைக்குள் நுழைந்து, கதவைத் தாழிட்டுவிட்டுத்தான் நௌஷாட் போத்தலைத் திறந்தான். அண்ணாந்து மடமடவென்று குடித்தான். அது காலியானதும், பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த அடுத்ததை எடுத்தான்.

குடித்தது வேறொன்றுமில்லை, பச்சைத் தண்ணீர்தான். ஆனால் றமழான் மாதத்துப் பட்டப்பகலில், ஊர்ப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்குப் பொறுப்பான மனிதன் தண்ணீர் குடித்தால், சாராயம் குடித்ததைப் போலத்தான் ஊர் பேசும்.

இந்த முறை நோன்பு தொடங்கியதிலிருந்தே இதே கூத்துத்தான். விடிந்து கொஞ்ச நேரத்திலேயே தாகம் வந்து தொண்டையைப் பிடித்துவிடும். தண்ணீர் குடித்து நோன்பு முறிந்த பிறகு பசியை மட்டும் எதற்குச் சுமப்பது என்று, மன்னார் பஜாரில் ஒரு சோற்றுப் பார்சலையும் வாங்கி ஒரு கை பார்ப்பான். தன் ஈமான், இறைநம்பிக்கையே கரைந்துவிட்டதென்று, சாப்பிட்ட கையோடு அழவும் செய்வான்.

பின்னேரம் எருக்கலம்பிட்டி வீட்டுக்குப் போனபோது, முற்றத்தில் தங்கை ஹுஸ்னியா மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள், லீவுக்கு வரும்போது தான் செய்த கருவியையும் கொண்டுவந்திருந்தாள். ஊசிமுனையில் மின்சாரம் பாய்ச்சி, சிலந்தி நூலைவிட மெல்லிய நார்களை இழுத்து, நகமளவு தகட்டில் படலமாகப் படியவைத்துச் சூளையில் சுட்டிருந்தாள். விரிசல் விழாமல் ஒரு படலம் வருவதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"சாப்பாடு கிடைக்காட்டி உடம்பு கொழுப்பை எரிக்கும் உம்மா," என்று தாய் ஆசியா உம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். "அப்ப மூச்சில அசற்றோன் எண்டு ஒரு வாயு வரும். இந்தப் படலம் அதை மோந்து பிடிச்சிரும். நோன்பாளி ஊதினா நம்பர் ஏறும், சாப்பிட்ட ஆள் ஊதினா ஏறாது."

நௌஷாட் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். தின்ற சோற்றை எதில் மறைப்பது?

ஆசியா உம்மா கருவியின் குழாயில் ஊதினார், நம்பர் கொஞ்சம் ஏறியது. கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பதால் நோன்பு பிடிக்காத பக்கத்து வீட்டு சரீபா ஊதினாள், நம்பர் அசையவில்லை. "கள்ளியைப் பிடிச்சிட்டுது!" என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

"இனிக் காக்கா ஊதுங்கோ," என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னாள் ஹுஸ்னியா.

"எனக்குக் கஞ்சி வேலை கிடக்கு. பள்ளிக்குப் போகோணும்."

"ஒரு ஊத்துத்தானே மகன்," என்றார் ஆசியா உம்மா. "சின்ன வயசில இருந்து ஒரு நோன்பும் விடாத பிள்ளை இவன், சரீபா. பாருங்கோ, நோன்பு பிடிச்சே மெலிஞ்சு, கட்டின சாரம் இடுப்பில நிக்குதில்ல."

அந்தப் பாராட்டுக்குச் செருப்படியே மேல் என்றிருந்தது நௌஷாட்டுக்கு. இதற்குமேல் மறுத்தால் சந்தேகம் வரும். கண்ணை மூடிக்கொண்டு ஊதினான்.

நம்பர் ஏறியது. ஆசியா உம்மாவின் நம்பரைத் தாண்டியது, அதற்குமேலும் ஏறிக்கொண்டே போனது. "பாத்தியா என்ட பிள்ளைட நோன்பை!" என்று உம்மா பூரித்துப்போனார்.

அல்லாஹ் தன் மானத்தை மூடிவிட்டான் என்று நௌஷாட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஹுஸ்னியா மட்டும் சிரிக்கவில்லை. படலத்தைச் சூடாக்கி இன்னொரு தரம் ஊதச் சொன்னாள், அதே நம்பர்தான் வந்தது.

"ஒரு பகல் நோன்புக்கு இவ்வளவு வராது," என்றாள் கம்மிய குரலில். "உப்புக்காத்துப் பட்டுப் படலம் பழுதாப் போச்சு. இனி எறியவேண்டியதுதான். பல்கலைக்கழகத்துச் சேருக்கு என்னெண்டு சொல்லுவன்?" அவள் கண்கள் கலங்கிவிட்டன.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். தன் பொய்மூச்சுப் பட்டுத்தான் தங்கையின் உழைப்பு நாசமானதென்று நௌஷாட் நம்பினான். அவள் படலத்தைக் கழற்றக் கை நீட்டியதும் அவனால் தாங்க முடியவில்லை.

"எறியாத ஹுஸ்னியா! அதில பிழையில்ல, என்னிலதான் பிழை. நான் நோன்பில்ல. பகல் சோறு திண்டனான்."

சரீபா வாயில் கை வைத்தாள். ஆசியா உம்மா கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார். "இண்டைக்கு மட்டுமா மகன்?"

"ஒரு நோன்பும் முழுசாப் பிடிக்கேல்ல உம்மா. தாகம் தாங்கேலாமக் கிடக்கு." எல்லோர் முன்னாலும் தலையைக் குனிந்துகொண்டு அழுதான்.

ஹுஸ்னியா ஏசவில்லை. நம்பரைப் பார்த்தாள், அண்ணனின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறிப்போயிற்று.

"வயிறு நிறையத் திண்டுபோட்டா ஊதினீங்கள்?"

"ஓம். அல்லாஹ்மேல சத்தியமா."

"காக்கா, எழும்புங்கோ. இப்பவே ஆசுபத்திரிக்குப் போவம்."

"ஆசுபத்திரி என்னத்துக்கு? என்னைப் பள்ளிக்குப் போக விடு. நோன்பை விட்ட பாவி நான், அழுது மன்னிப்புக் கேட்டுத் தௌபாச் செய்யோணும்," என்று நௌஷாட் கையை உதறினான்.

அவள் விடவில்லை, இரண்டு கைகளாலும் அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"திண்ட சோத்தை உடம்பு எடுக்காமக் கொழுப்பை எரிக்குது, அதுதான் இந்தத் தாகமும் மெலிவும். உங்களுக்குச் சீனி வருத்தம் காக்கா, நோன்பே கடமையில்ல!"