மாடியில் சொன்ன விஷயம்

"அந்த விஷயத்த மட்டும் வாயத் தொறந்து சொல்லிடாதடி!"

புடவை மடிப்பைச் சரிசெய்யும் சாக்கில் மகள் ஜெஸியின் காதருகே கெஞ்சினாள் உபகாரமேரி.

இரண்டு வருடங்களுக்கு முன் ஜெஸிக்கு டி.பி. வந்தது. விடாமல் மாத்திரை சாப்பிட்டு முழுக்கக் குணமாகிவிட்டாள். இப்போது வெள்ளிமலையில் டீச்சர் வேலை. ஆனாலும், சங்கராபுரத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடம் அவள் உள்ளதைச் சொன்னபோது, காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள்.

இன்று உளுந்தூர்பேட்டையிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை ராபினுக்கு லாரி ஆபீசில் வேலை. அவன் அம்மா அமலோற்பவத்துக்கு ஜெஸியைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

"ரெண்டு பேரும் தனியா பேசிக்கினு வரட்டுங்க."

"இன்னாத்துக்குங்க தனியா? இங்கயே பேசலாமே..." உபகாரமேரி முடிப்பதற்குள் இருவரும் மாடிப்படி ஏறிவிட்டார்கள்.

"எங்க ராபினுக்கு எப்பவும் வேலதாங்க. நேரத்துக்குச் சாப்புடறதே இல்ல. ஒரு கல்யாணம் பண்ணி வெச்சாதான் தேறுவான்" என்று அமலோற்பவம் பேசிக்கொண்டே போனாள். உபகாரமேரி தலையாட்டினாளே தவிர, எதுவும் காதில் ஏறவில்லை.

ராபின்தான் முதலில் இறங்கி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, கெளம்பலாம்."

"இன்னாடா, அதுக்குள்ள?"

"வாம்மா, போற வழில சொல்றேன்."

அவர்கள் வந்த கார் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், உபகாரமேரி மகள்மீது பாய்ந்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேம்மா."

"அடிப்பாவி! எவ்ளோ கெஞ்சினேன்!"

"மனசு கேக்கல. சொல்லாம வுட்டா பாவம்மா."

"சரியாப் போனத எதுக்குடி சொல்லணும்? இனிமே எவன் வருவான் ஒன்னக் கட்ட?" முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அடுத்த வாரம் அமலோற்பவத்திடமிருந்து போன் வந்தது. வேண்டாமென்று சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டே எடுத்தாள் உபகாரமேரி.

"அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லாம வந்துட்டோம். மன்னிச்சிக்குங்க" என்றாள் அமலோற்பவம்.

"நாங்கதாங்க முன்னாடியே சொல்லியிருக்கணும். ஆனா சத்தியமா எம் பொண்ணுக்கு இப்ப ஒண்ணும் இல்லீங்க..."

"ஐயோ, அதில்லீங்க! மாடில எம் புள்ள விடாம இருமறதப் பாத்துட்டு, தனக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுதுன்னு ஜெஸிதான் சளி டெஸ்ட் எடுக்கச் சொல்லி அனுப்பியிருக்குது. ராபினுக்கு டி.பி.ங்க. இன்னும் கொஞ்ச நாள் வுட்டிருந்தா உசுருக்கே ஆபத்தாயிருக்கும்னு டாக்டர் சொல்றாரு. ஆறு மாசம் மாத்திர சாப்புடணுமாம்... அது வரைக்கும் எம் புள்ளைக்காக ஜெஸி காத்துக்கினு இருக்குமான்னு கேட்டுச் சொல்றீங்களா?"