பெற்றோர் கருத்து

டி.சி.யை நான்காக மடித்துக் கைப்பைக்குள் திணித்தபடி தலைமையாசிரியர் அறையிலிருந்து அவள் வெளியே வந்தாள்.

பின்னால் மகள் சுபிக்ஷா. ஒன்பதாம் வகுப்பு முடித்தவள். பத்தாம் வகுப்புக்கு இந்தப் பள்ளியில் அவளுக்கு இடமில்லை என்று இப்போதுதான் சொன்னார்கள்.

துரத்தினார்கள் என்று சொல்லிவிட முடியாது. நாற்காலி போட்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். பிள்ளை கணக்கில் ரொம்பப் பின்தங்கியிருக்கிறாள், பொதுத்தேர்வில் தவறிவிட்டால் மனசு ஒடிந்துபோவாள், வேறு பள்ளி என்றால் இந்த நெருக்கடி இருக்காது என்றார்கள்.

என்ன ஒரு அக்கறை.

உண்மையான காரணம் வாசலில் ஃபிளெக்ஸாகத் தொங்கியது. பத்தாம் வகுப்பில் தொடர்ந்து நூறு சதவீதத் தேர்ச்சி. பரீட்சைக்கே விடாத பிள்ளைகள் எப்படித் தோற்பார்கள்?

சிறிய ஊர். ஒவ்வொரு மே மாதமும் நாலைந்து பிள்ளைகளைக் கழித்துக்கட்டுவது எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் அரசுப் பள்ளியிலிருந்து இரண்டு பிள்ளைகளையும் எடுத்து இங்கே சேர்த்தாள். கழிகிறவை யாரோ வீட்டுப் பிள்ளைகள் என்று இருந்துவிட்டாள்.

சுபிக்ஷாவுக்கு ஃபிளெக்ஸ் ஒரு பொருட்டே இல்லை. அவளுக்குப் பள்ளி என்றால் கோ-கோ மைதானம். அவள் கேப்டனாக இருந்து ஜெயித்துக் கொண்டுவந்த மாவட்டக் கேடயம், தலைமையாசிரியர் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் இருந்தது. அவர் பேசி முடிக்கும்வரை அவள் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேடயம் பள்ளிக்குச் சொந்தம். அதற்கு டி.சி. கிடையாது.

வராந்தாவில் ஓர் இளம் டீச்சர் செல்போனும் கையுமாக நின்றாள். வேலைக்குப் புதிது. அட்மிஷன் நேரமாம். பெற்றோர் பேசுவதைப் படமெடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் போட வேண்டுமாம்.

“அக்கா, ஒரு நிமிஷம். இந்த ஸ்கூல்ல உங்களுக்கு என்ன பிடிச்சிருக்குன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க.”

சொல்ல வேண்டியதெல்லாம் அவளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ஜன்னல் வழியே தலைமையாசிரியர் நிமிர்ந்து பார்த்தார்.

இளையவன் கவின்ராஜ் நினைவுக்கு வந்தான். ஏழாம் வகுப்புக்குப் போகிறான். அவனுக்கும் கணக்கு வராது. இன்னும் சில வருடங்களில் அவனும் அந்த மேசை முன்னால் வந்து நிற்க வேண்டும்.

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“நல்ல ஸ்கூலுங்க. ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியா கவனிக்காங்க. பெத்தவங்க மாதிரி பாத்துக்கிடுதாங்க. எந்தப் பிள்ளையையும் கைவிட மாட்டாங்க.”

கொஞ்சமும் திக்காமல் வந்தது. அவளுக்கே அவள்மேல் அருவருப்பாக இருந்தது.

“சூப்பர்க்கா. உங்க பிள்ளை பேரு?”

“கவின்ராஜ். ஏழாவது போறான்.”

அப்போதுதான் டீச்சர் தூணோரம் நின்ற சுபிக்ஷாவைக் கவனித்தாள்.

“இது?”

அம்மா வாயைத் திறந்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.

சுபிக்ஷாதான் சொன்னாள்.

“நான் பக்கத்து வீடு மிஸ். சும்மா கூட வந்தேன்.”

“அப்பிடியா. கொஞ்சம் தள்ளி நில்லும்மா, நீயும் படத்துல விழுற. அக்கா, இன்னொரு தடவ எடுத்துருவோமா?”

சுபிக்ஷா தள்ளிப்போய் நின்றாள்.

அம்மா மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.