உடன் இருந்தவர்

போதைத் தூளைக் கலந்து குடித்த ஜெரோம், தியாகுவின் மடியில் அப்படியே சாய்ந்தான். உதடுகள் நீலம் பாரித்தன.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன்" என்றான் தியாகு.

"பைத்தியமா உனக்கு? வந்தா இங்க இருக்கற எல்லாரு ரத்தத்தையும் பாப்பாங்க. ரிசல்ட் நேரா வீட்டுக்குப் போயிரும்." அறையில் இருந்த மற்ற இருவரில் ஒருவன் சொன்னான். இருவரும் சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்கள். ரத்தப் பரிசோதனை முடிவை உடனே வீட்டுக்கு அனுப்பும் சட்டம் வந்த பிறகு அவர்களில் யாரும் அந்தப் பக்கமே போனதில்லை.

தியாகுவும் கதவு வரை போனான். பின்னால் ஜெரோமின் தொண்டை கரகரத்தது. அவன் திரும்பி வந்து போனை எடுத்தான்.

வண்டியில் ஜெரோமுக்கு ஆக்சிஜன் மாட்டிய நர்ஸ், தியாகுவின் விரலை ரத்தப் பரிசோதனைக் கருவியில் வைத்து அழுத்தினாள்.

"தப்பா நெனைக்காத தம்பி. இது முடியாம வண்டி கெளம்பாது."

கருவி ஒலித்தது. வண்டி கிளம்பியது. முதல் சிக்னலைத் தாண்டுவதற்குள் பொள்ளாச்சியிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"கண்ணு, உம்பேரு போட்டு என்னமோ வந்திருக்குது. ரத்தத்துல போதை மருந்து இருக்குதாம். உறவுல வர்ற தொத்து ஒண்ணும் இருக்குதாம். சீக்கிரம் மருந்து எடுக்கோணுமாம். வேற யாருக்கோ வர வேண்டியது மாறி வந்திருச்சாடா?"

தனக்குத் தொற்று இருப்பதை அம்மாவின் வாயால்தான் அவன் அறிந்தான்.

"இல்லம்மா. எனக்குத்தான்."

"உடன் இருந்தவர் ஜெரோம்னு போட்டிருக்குது. யாருடா அது?"

முகமூடிக்குள் ஜெரோமின் மூச்சு மெல்லப் புகைபோலப் படர்ந்து மறைந்தது. மீண்டும் படர்ந்தது.

"சொல்றேம்மா" என்றான் தியாகு. "வெச்சிராத."

அம்மா வைக்கவில்லை.