கேப்டனுக்குக் காய்ச்சல்

"வேலை எங்கேயும் ஓடிப் போயிடாது. கோப்பைதான் ஓடிப் போயிடும்" என்றார் கோச்.

கேப்டன் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கல்லூரி வாலிபால் டீமின் கேப்டன். மேட்சுக்குப் போகிற பஸ்ஸில்கூட மடியில் புத்தகத்தை வைத்துப் படித்து, ஒரு அரியர் இல்லாமல் கடைசி வருஷம் வரை கரையேறி வந்தவள்.

நாளைக் காலை இறுதி ஆட்டம். பார்த்து வைத்த மாதிரி அதே நேரத்தில்தான் ஒரு பெரிய கம்பெனி, ஆள் எடுப்பதற்குப் பரீட்சை வைத்துத் தொலைத்திருந்தது.

"சார், இதை விட்டா அப்புறம் வெளியில போய்த்தான் முட்டி மோதணும். அம்மா தையல் மிஷின்ல குனிஞ்சு குனிஞ்சு நிமிரவே முடியறதில்லை சார்."

"எல்லார் வீட்லயும் அம்மா உண்டு. டீம்னு வந்துட்டா தியாகம் பண்ணணும்மா. நான் பண்ணலையா? என் பொண்ணும் இதே டீம்தான். கால் சுளுக்கிக்கிட்டா. பெத்த பொண்ணாச்சேன்னு பார்த்தேனா? ஒழுங்கா ஆட முடியாதவளுக்கு இடமில்லை, வீட்ல கிடன்னுட்டேன்."

சுற்றி நின்ற பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். "மனுஷன்னா இவர்தாண்டி" என்று ஒருத்தி உருகியே போனாள்.

"நாளைக்கு எவளாவது பரீட்சை கிரீட்சைன்னு காணாம போனா, டீமை விட்டு மட்டுமில்லை, ஹாஸ்டலை விட்டும் மூட்டை கட்டிக்க வேண்டியதுதான்."

மறுநாள் காலையில் கேப்டனுக்குக் காய்ச்சல் வந்தது. அதாவது, துணைக் கேப்டனுக்குப் போனில் அப்படித்தான் தகவல் போயிற்று. நம்ப வேண்டுமே என்று நடுவே இரண்டு இருமலும் சேர்த்துக்கொண்டாள்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஜென்மம். மாஸ்க்கைக் கண்ணுக்குக் கீழே வரை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினாள். கூட ஆடுகிறவர்களை நட்டாற்றில் விட்டுவிட்டோமே என்று நொந்தபடியே பரீட்சை நடக்கும் கட்டடத்துக்குள் நுழைந்தாள்.

நுழைந்தவள் மாஸ்க்கை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

படிக்கட்டுக்குப் பக்கத்தில் கோச் நின்றுகொண்டிருந்தார்.

போச்சு. தேடிக்கொண்டு இங்கேயே வந்துவிட்டார். மாஸ்க் போட்டு மூஞ்சியை மறைக்கலாம், ஆறடி உயரத்தை எங்கே கொண்டு போய் ஒளிக்க? அவரும் பார்த்துவிட்டார். இனி ஓடினால் அசிங்கம் என்று நேரே அவரிடமே போனாள்.

"சார், மன்னிச்சிடுங்க. காய்ச்சல்னு சொன்னது பொய். வேலை கிடைச்சா அம்மாவை உட்கார வச்சுப் பார்த்துக்கலாமேன்னுதான்... தப்புதான் சார். பரீட்சை வேண்டாம். இப்பவே கிளம்பினாலும் மேட்சைப் பிடிச்சிடலாம். உங்க பைக்லயே ஏத்திட்டுப் போயிடுங்க."

கோச் மாடிப்படியை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். சட்டைக் காலரெல்லாம் வியர்வை.

"அது வந்து... நீ ஒண்ணும் வர வேண்டாம்மா. போய் எழுது. முதல்ல உள்ள போ."

கேப்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டித் தீர்ப்பார் என்று பார்த்தால், கோபத்தையெல்லாம் முழுங்கிக்கொண்டு அனுப்பி வைக்கிறாரே. இப்பேர்ப்பட்டவரைப் போய் ஏமாற்றப் பார்த்தோமே என்று அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

"போம்மா, நேரமாகுது" என்று அவளை அவசர அவசரமாகத் தள்ளாத குறையாக விரட்டினார்.

அதற்குள் மாடியிலிருந்து தடதடவென்று, இரண்டிரண்டு படியாகத் தாவிக்கொண்டு ஒருத்தி இறங்கி வந்தாள்.

"அப்பா, எனக்கு மூணாவது மாடியாம். சீக்கிரம் ஹால் டிக்கெட்டைக் குடுங்க."