கேசிங் இல்லாத கொம்பியூட்டர்

கணக்கு எழுதுவது ஒரு தவம் என்பார் வெள்ளவத்தைக் கணக்காளர் பெரியதம்பி. அந்தத் தவத்துக்காக வீட்டிலேயே கொம்பியூட்டர் பூட்டினார். கிராபிக்ஸ் கார்டோடு காசு முடிந்ததால் கேசிங் என்ற வெளிக்கூடு வாங்கவில்லை. எல்லாம் மட்டைப்பெட்டிக்குள் வயர் தொங்கக் கிடந்தன.

"கேசிங்கை விட்டுட்டு ஏனப்பா இவ்வளவு விலையிலை கார்ட்?" என்றாள் மனைவி புவனம்.

"ஒபீஸ் கணக்குக்கு அதுதான் முக்கியம்."

மறுநாள் வீட்டுச் சோதனைக்கு வந்த ஆமிக்காரன் பெட்டியைக் கண்டதும் குண்டென்று நினைத்துப் பின்வாங்கித் துவக்கை நீட்டினான்.

"கொம்பியூட்டர், சேர்."

"ஒன் கரண்ட," என்று சிங்களத்தில் போட்டுக்காட்டச் சொன்னான்.

பெரியதம்பியின் கை சுவிட்சுக்குப் போகவில்லை.

"போட்டுக் காட்டுங்கோவன். பிடிச்சுக்கொண்டு போகப்போறாங்கள்," என்று அழுதாள் புவனம்.

போட்டார். வெடிச்சத்தத்தோடு ஒரு விளையாட்டுத் திறந்தது. 'வெல்கம், ஜெனரல் பெரியதம்பி' என்றது திரை.

ஆமிக்காரன் அதை எழுத்துக்கூட்டி வாசித்தான். கீழே இருந்ததையும் வாசித்துவிட்டுத் துவக்கைத் தாழ்த்தினான்.

ஜெனரல் இன்னும் விளையாட்டின் முதல் கட்டத்தைத் தாண்டவில்லை.