பத்துக்கு மூன்று

மூன்றை அழுத்திவிட்டாள்.

அடுத்த முகம் திரைக்கு வந்த பிறகுதான் தூக்கிவாரிப் போட்டது.

போன முகத்தின் மோவாயில் ஒரு கீறல் இருந்தது. காலையில் சவரம் செய்யும்போது பட்டது. படிகாரக் கட்டியை நனைத்து அதில் ஒற்றிவிட்டவளே அவள்தான்.

அவள் கணவன்.

பத்துக்கு மூன்று.

திரும்பிப் போக வழியில்லை. "யோசிக்காதீங்கக்கா. பார்த்ததும் மனசுல தோணுற நம்பரை அழுத்துங்க" என்று சொல்லித்தான் ஆய்வு மாணவி பெனிட்டா அவளைக் கணினி முன்னால் உட்கார வைத்திருந்தாள். தெரிந்த முகம் வந்தால் கையைத் தூக்கச் சொல்லியிருந்தாள். அதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்களாம்.

பெனிட்டா இரண்டடி தள்ளித்தான் நின்றாள்.

கை எழவில்லை. தூக்கினால் எப்போது தெரிந்தது என்று கேட்பாள்.

மைதாவும் சர்க்கரையும் தின்றால் முகத்தில் களை குறைகிறதா என்று கல்லூரியின் உணவியல் துறையில் ஓர் ஆய்வு. அலுவலர் குடியிருப்பில் ஆள் கேட்டார்கள். "ஓசி டிபன், கிளம்பு" என்று அவளை இழுத்து வந்ததே அவன்தான். காலையில் பாதிப் பேருக்கு வெள்ளை ரொட்டி, ஜாம், சர்க்கரை தூக்கலாக டீ. மீதிப் பேருக்கு முட்டையும் சுண்டலும். பிறகு எல்லாரையும் ஒரே மாதிரி படம் எடுத்தார்கள். தலைமுடி தெரியாமல் வெள்ளைத் தொப்பி. கண்ணாடி கூடாது. பொட்டு, மூக்குத்தி கூடாது. சிரிக்கக் கூடாது.

பெண்கள் முகத்துக்கு ஆண்கள் மதிப்பெண். ஆண்கள் முகத்துக்குப் பெண்கள்.

ரொட்டியின் மேல் பழியைப் போடப் பார்த்தாள்.

முடியவில்லை. ரொட்டி கிடைத்தது அவளுக்கு. அவனுக்குக் கிடைத்தது முட்டையும் சுண்டலும். முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் தின்றான்.

அப்படியானால் அது இன்று காலை வந்த முகம் இல்லை.

சாயங்காலம் தவறாமல் பஃப்ஸ். சனிக்கிழமை பரோட்டா. தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாத நாளில் வெறும் ரொட்டியில் சர்க்கரை தூவி. தட்டில் எடுத்து வைத்தது அவள். "இன்னொண்ணு வைக்கவா?" என்று கேட்டதும் அவள்.

உப்பிய கன்னம். சதைக்குள் சிறுத்துப்போன கண். யாரோ அலுத்துப்போன மனிதர். இரண்டுதான் போட நினைத்தாள். பாவம் என்று ஒன்று கூட்டினாள்.

கண்ணாடி இல்லாத அந்த முகம் தினமும் பக்கத்துத் தலையணையில்தான் கிடக்கிறது.

கிடக்கிறது. பார்த்தாளா?

மீதி முகங்களுக்கு என்ன போட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

வெளியே வந்தாள். எதிர் அறையிலிருந்து அவனும் வந்தான். சட்டை நுனியில் கண்ணாடியைத் துடைத்து மாட்டினான். மாட்டியதும் அவனாகிவிட்டான்.

"ஒண்ணுகூடத் தேறல போ" என்றான். "அஞ்சுக்கு மேல யாருக்கும் போட மனசு வரல. எல்லாம் வெந்த இட்லிக்குத் தொப்பி வெச்ச மாதிரி."

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"உன் படம்தான் வரல. வந்திருந்தா கண்ணை மூடிட்டுப் பத்து."

அப்பாடா என்றிருந்தது. கூடவே அழுகையும் வந்தது. பத்து போட நினைத்தவனுக்கு மூன்று போட்டவள். சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

அவன் முதுகுக்குப் பின்னால் அறைக்கதவு திறந்தே கிடந்தது. அவன் எழுந்து வந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அதே படங்களை முதலிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

திரையில் ஒரு பெண்.

வெளுத்த நெற்றி. தொங்கத் தொடங்கிய கன்னம். உதட்டோரத்தில் இரண்டு கோடுகள். யார் இந்த அம்மா, உடம்புக்கு முடியவில்லையோ என்று நினைத்தாள்.

மூக்கில் ஒரு துளை இருந்தது.

அவள் கை தன் மூக்குக்குப் போனது. மூக்குத்தி இன்னும் கைப்பைக்குள்தான் இருந்தது.

நாற்காலிக்காரர் எதையோ அழுத்தினார். முகம் போய்விட்டது.

"ஆமா, நான் வந்தேனா?" என்று கேட்டான் அவன். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தான்.

அவள் அவனைத் தாண்டிக் கையை நீட்டி அந்தக் கதவைச் சாத்தினாள்.

"நீங்களும் வரல" என்றாள்.