மத்தியானத் தூக்கம்

"பெரியப்பா, முப்பத்தஞ்சு வருஷமா உங்ககிட்ட ஒரு விஷயத்தை மறைச்சிட்டேன். இன்னிக்குச் சொல்லிடறேன்."

சாய்வு நாற்காலியில் கிடந்த பெரியப்பா கண்ணைத் திறக்கவில்லை. "தலை நரைச்சாச்சு உனக்கு. இனிமே என்னடா புதுசா?"

மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கூடத்துத் தரையில் நீட்டி வைத்திருந்தது. ஒரு காலத்தில் அந்தத் தரையில் எட்டுப் பேர் வரிசையாகப் படுப்பார்கள். அவன்தான் வீட்டுக்கு ஒரே பிள்ளை, ஒன்பதாவது ஆள்.

பெரியப்பா வைத்ததுதான் சட்டம். சாப்பிடும்போது பேசக்கூடாது. பெரியவர்கள் முன் கால்மேல் கால் போடக்கூடாது. சிரித்தால் பல் தெரியக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்தால் எல்லோரும் தூங்கியே ஆக வேண்டும்.

"நீங்க எல்லாரும் தூங்கினதும் நான் பின்கதவு வழியா நழுவிடுவேன் பெரியப்பா."

"எங்கே?"

"பின்னாடி இருந்த மரம் அறுக்கிற மில்லுக்கு."

சொல்லச் சொல்ல அந்த மத்தியானங்கள் கண்முன் மிதந்து வந்தன. அத்தையின் குறட்டை ரயில் கிளம்புவதுபோல இருக்கும். சித்தப்பாவுடையது விசில். அவற்றைக் கேட்டுக் கணக்காக அடியெடுத்து வைப்பான். கடைசியில் அப்பா. சுவர்ப் பக்கம் திரும்பி, அடித்துப் போட்டதுபோலக் கிடப்பார். ஒருமுறை கால் தவறி அவர் விலாவிலேயே மிதித்துவிட்டான். உயிர் போய் உயிர் வந்தது. அப்பா அசையவே இல்லை.

மில்லில் ஞாயிறன்று ஆள் நடமாட்டமே இருக்காது. அடுக்கி வைத்த கட்டைகளின் உச்சிதான் அவன் கப்பல். மரத்தூள் குவியல் கடற்கரை. மல்லாந்து படுத்தால் மேகம் நகர்கிறதா, கப்பல் நகர்கிறதா என்றே தெரியாது.

"அங்கே நான்தான் கேப்டன். உங்க குரல்லயே காக்காய்களுக்கு உத்தரவு போடுவேன். 'பல் தெரியச் சிரிக்காதே!'ன்னு."

பெரியப்பாவின் வயிறு லேசாகக் குலுங்கியது.

"ஒரு தடவை கட்டை உருண்டு தலைகுப்புற விழுந்துட்டேன். நல்லவேளை, மரத்தூள் மேல. பக்கத்துல யாரோ 'ஐயோ'ன்ன மாதிரி இருந்துது. காவல்காரர்னு பயந்து ஒரே ஓட்டம்."

சிரித்துக்கொண்டே சொல்லி வந்தவன் திடீரென்று நிறுத்தினான்.

"அப்பா போய் ஒரு வருஷம் ஆச்சு. ஒரு ஞாயித்துக்கிழமைகூட அவர் என்னோட விளையாடினதில்ல பெரியப்பா. அத்தனையும் தூங்கியே கழிச்சிட்டார். அதை நினைச்சாத்தான் மனசு ஆற மாட்டேங்குது."

பெரியப்பா இப்போது மிச்சமிருந்த பற்கள் அத்தனையும் தெரியச் சிரித்தார்.

"யாருடா தூங்கினது? நீ எப்ப கிளம்புவேன்னு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுக் காத்திருப்போம். நீ கதவைத் தாண்டினதும் சீட்டுக்கட்டு வெளியே வந்துடும். பிள்ளை முன்னாடி ஆடக்கூடாது. அதுவும் என் சட்டம்தான்."



"அத்தைகூடவா?"

"அவதான் கள்ள ஆட்டத்துல கெட்டிக்காரி!"

பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மொதல்ல அவசரமா ஒரு கை போடுவோம். அதுல தோத்தவங்க எழுந்து மில்லுக்கு ஓடணும். நீ விழுந்து வைக்காம மறைஞ்சு நின்னு பார்த்துக்கணும். குறுக்கு வழியா உனக்கு முன்னாடி வந்து படுத்துக்கணும். நீ அப்படி மில்லுக்கு ஓடின மூணு வருஷமும், வாரம் தவறாம, உங்கப்பன்தான் தோத்தான்."

"அப்பாவுக்குச் சீட்டு அவ்வளவு மோசமாவா ஆட வரும்?"

பெரியப்பா கண்ணைத் திறந்து அவனை நேராகப் பார்த்தார்.

"இந்த வீட்டுல அவனை ஜெயிக்க ஆள் கிடையாதுடா."